ஆங்கிலேய இசையமைப்பாளர் வில்லியம் பேர்டின் ‘ஆவே வேரும் கோர்புஸ்’ என்ற லத்தீன் சேர்ந்திசைப் பாடலுக்கு இரண்டு பதிப்புகளில் ஏன் வேறு வேறு ஸ்கேல்? நோட்டுக்கு மேலே இருக்கும் குட்டி ஷார்ப் (அரைச் சுரம் ஏற்றும் குறி) என்ன?

இரண்டும் சரியாக இருக்கலாம். 1605இல் அச்சான மூலத்தில் நான்கு குரல்களுக்கும் தனித்தனிப் புத்தகம்தான், எல்லாக் குரலையும் ஒன்றாகக் காட்டும் ஸ்கோரும் இல்லை, தாளப் பகுதிகளைப் பிரிக்கும் பார் கோடும் இல்லை. அதைச் சேர்த்து அடுக்கியவர் இன்றைய பதிப்பாசிரியர். அந்தக் காலத்தில் எழுதிய சுருதி நிலையானதல்ல, பாடகர்களின் குரலுக்கு ஏற்ப ஏற்றி இறக்கிக்கொள்வார்கள், அதனால் ஒருவர் ஜி மைனரிலும் இன்னொருவர் வேறு ஸ்கேலிலும் போடுகிறார்.

நோட்டுக்கு மேலே சின்னதாக இருக்கும் ஷார்ப், ஃபிளாட் (அரைச் சுரம் இறக்கும் குறி) எல்லாம் பதிப்பாசிரியரின் ஊகம். அன்றைய பாடகர்கள் எழுதாமலே பாடியிருப்பார்கள் என்று அவர் நினைப்பவை, குழுத் தலைவர் ஏற்கலாம், விடலாம். நோட்டுக்குப் பக்கத்திலேயே இருப்பது வேறு, அது மூலத்தில் உள்ளது. ஜி மைனர் பதிப்பில் ‘வேரும்’ என்ற இடத்தில் மேல் குரலான சோப்ரானோ எஃப் ஷார்ப் பாடியவுடன் கீழ்க்குரலான பாஸ், ஷார்ப் இல்லாத எஃப் நேச்சுரலுக்கு வரும். காதை உறுத்துகிறதே என்று தயவுசெய்து ‘திருத்தி’விடாதீர்கள், பாட்டின் உயிரே அங்கேதான்!

அப்புறம், மெதுவாக, சத்தமாக என்ற குறிப்புகள் எதுவும் பேர்டுடையவை அல்ல. பதிப்பு வாங்குமுன் முதல் பாருக்கு முன்னால் பழைய கிளெஃபும் (எந்தக் கோடு எந்தச் சுரம் என்று சொல்லும் குறி) தொடக்க நோட்டும் காட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். இருந்தால் எவ்வளவு மாற்றியிருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.