ஆய்வாளராகக்கூடிய மாணவியை எப்படி வளர்ப்பது?

கேள்வி: சிறிய வேதாகமக் கல்லூரி ஒன்றில் புதிய ஏற்பாடு கற்பிக்கிறேன். பி.டி. (இறையியல் இளநிலைப் பட்டம்) படிக்கும் மாணவி ஒருவர், வடசென்னையில் ஒரு தெலுங்கு பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவர், கிரேக்கத்தில் என்னையே சில நேரம் மடக்கிவிடுகிறார். முனைவர் பட்டம் வரை போக ஆசைப்படுகிறார். சபையிலோ "படித்தது போதும், ஊழியத்துக்கு வரட்டும்" என்கிறார்கள். எங்கள் கல்லூரி போதகர்களை உருவாக்கத்தான் இருக்கிறது. ஒருவருக்கு மட்டும் தனிக் கவனம் கொடுப்பது சரியா? அவர் இங்கிருந்து போக இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது, அதற்குள் நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

சரியா என்ற கேள்வியை முதலில் முடித்துவிடலாம். 1856-ல் தென் கரோலினாவில் ஜேம்ஸ் பாய்ஸ் என்ற இளம் பேராசிரியர், இறையியல் கல்வியில் மூன்று மாற்றங்கள் வேண்டும் என்று ஒரு உரையில் கேட்டார். கல்லூரிப் பட்டம் இல்லாதவரையும் சேர்க்க வேண்டும், அதே நிறுவனத்தில் திறமையுள்ள சிலருக்கு உயர்நிலை ஆய்வுப் படிப்பும் நடக்க வேண்டும், ஆசிரியர்கள் ஒரு விசுவாச அறிக்கைக்குக் கட்டுப்பட வேண்டும். 1859-ல் கிரீன்வில்லில் தொடங்கிய சதர்ன் பாப்டிஸ்ட் செமினரி என்ற இறையியல் கல்லூரி இந்த யோசனையில் பிறந்ததுதான். கிராமப் போதகரும் வருங்காலப் பேராசிரியரும் ஒரே இடத்தில் படிப்பது பாப்டிஸ்டுகளுக்குப் புதிதல்ல, தயங்காமல் செய்யுங்கள்.

பாப்டிஸ்டுகளுக்கு இந்தத் தனிக் கவனம் வேறு வழியில்லாமல் வந்த பழக்கம் என்றும் சொல்லலாம். இங்கிலாந்து சபையின் 39 கோட்பாடுகளை ஒப்புக்கொள்ளாத பாப்டிஸ்டுகள் போன்றவருக்கு ஆக்ஸ்ஃபோர்டில் இடமே கிடையாது, கேம்பிரிட்ஜில் படிக்கலாம் ஆனால் பட்டம் கிடையாது. இது 1850-களில் தளர ஆரம்பித்து 1871 சட்டத்தோடுதான் பெருமளவு ஒழிந்தது. அதுவரை பிரிஸ்டல் கல்லூரி மாதிரி ஒரு சில இடங்களையும், மாணவர்களைத் தங்கள் வீட்டிலேயே தங்கவைத்துச் சொல்லிக்கொடுத்த போதகர்களையும் நம்பித்தான் படிப்பு ஓடியது. யார்க்ஷயரில் ஜான் ஃபாசெட்டின் கீழ் வளர்ந்தவர் ஜான் சட்க்ளிஃப். அவர் ஓல்னியில் போதகராகி, பின்னாளில் இந்தியாவுக்கு மிஷனெரியாக வந்த, அப்போது செருப்புத் தைத்துக்கொண்டிருந்த வில்லியம் கேரிக்கு லத்தீன் படிக்க உதவினார். அதே ஃபாசெட்டின் பள்ளியில் படித்த வில்லியம் வார்டு பின்னாளில் கேரியுடன் வங்காளத்தில் செராம்பூரில் அச்சகம் நடத்தினார். நாம் இன்று பி.டி. வாங்கும் செராம்பூர் கல்லூரி 1818-ல் தொடங்கியதற்குப் பின்னால் இந்தச் சங்கிலி இருக்கிறது.

இப்போது வேலைக்கு வருவோம். பதினைந்து நாளைக்கு ஒரு கட்டுரை, ஆயிரம் சொல்லுக்கு மேல் வேண்டாம், ஒரே ஒரு வேதபகுதி. விளக்கவுரைகளைத் திறக்கும் முன் அவரே மொழிபெயர்த்து, பாடபேதங்களை, அதாவது பழைய கையெழுத்துப் பிரதிகளுக்கு இடையிலான வேறுபாடுகளைப் பார்த்து, தன் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொண்டு வரட்டும். நீங்கள் திருத்திக் கொடுங்கள், அவர் மறுபடி எழுதட்டும், மதிப்பெண் அந்த இரண்டாவது பிரதிக்கு. இதுதான் நம் கல்லூரிகளில் நடப்பதே இல்லை. அசைன்மென்ட் வாங்குகிறோம், மார்க் போடுகிறோம், மூலையில் அடுக்குகிறோம், அப்புறம் எம்.டிஎச். என்ற இறையியல் முதுநிலைப் படிப்புக்குப் போன பிள்ளைக்கு ஒரு அத்தியாயம் ஒழுங்காக எழுத வரவில்லை என்று அங்கே இருக்கிற கைடு தலையில் அடித்துக்கொள்கிறார். மேற்கோள் காட்டுவதையும் இப்போதே கறாராகப் பழக்குங்கள், இணையத்திலிருந்து வெட்டி ஒட்டும் பழக்கம் ஒருமுறை வந்துவிட்டால் போகவைப்பது கஷ்டம்.

ஒரே மாணவிக்காக இவ்வளவா என்று சலிப்பு வந்தால் ஜான் பிராடஸை நினைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த 1865-ல் அந்த சதர்ன் செமினரி திரும்பத் திறந்தபோது மொத்த மாணவர்களே ஏழு பேர், பிராடஸின் பிரசங்கக் கலை வகுப்பில் ஒரே ஒருவர், அவருக்கும் கண் தெரியாது. அந்த ஒருவருக்காக அவர் கவனமாகத் தயாரித்த விரிவுரைகள்தான் 1870-ல் நூலாக வந்து தலைமுறை தலைமுறையாகப் பாடப்புத்தகமாக இருந்தது. அவரிடம் படித்து அவருக்கே உதவியாளரான ஏ. டி. ராபர்ட்சன், 1914-ல் ஆயிரம் பக்கத்தைத் தாண்டிய கிரேக்க இலக்கணம் எழுதி, மறைந்த ஆசிரியரின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார்.

ஆனால் இந்தக் கதையின் மறுபக்கத்தையும் அந்த மாணவியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். பாய்ஸ், பிராடஸ் உட்பட அந்த செமினரியின் நான்கு நிறுவன ஆசிரியர்களும் அடிமைகளை வைத்திருந்தவர்கள். 2018-ல் செமினரியே வெளியிட்ட அறிக்கை இதை ஒப்புக்கொண்டது. மொழியறிவும் பக்தியும் ஒழுங்கும் ஆசிரியரிடமிருந்து மாணவருக்கு இறங்கியபோது குருட்டுத்தனமும் கூடவே இறங்கியது. நம் ஊரில் அந்த இடத்தில் சாதி உட்கார்ந்திருக்கிறது. அதனால் உங்களோடு கருத்து மாறுபட அவருக்கு இடம் கொடுங்கள் என்று சொன்னால் போதாது, மாறுபடுவதை ஒரு பயிற்சியாகவே வையுங்கள்: நீங்கள் வகுப்பில் சொன்ன ஒரு வாதத்தை எடுத்து அதற்கு எதிராக ஒரு கட்டுரை, மாதம் ஒன்று. பாப்டிஸ்டுகளான நமக்குத் தீர்ப்புச் சொல்ல போப்பும் இல்லை, பிஷப்பும் இல்லை. வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சபை கூடிப் பேசி முடிவெடுக்கும் மரபில், ஆசிரியர் சொன்னதைத் திருப்பிச் சொல்ல மட்டும் தெரிந்த ஆய்வாளரால் யாருக்கும் பயனில்லை.

மாறுபட்டால் விலை உண்டு என்பதையும் மறைக்காதீர்கள். அதே செமினரியின் முதல் மாணவர் கூட்டத்தில் இருந்து பின்பு அங்கேயே பழைய ஏற்பாட்டு ஆசிரியரான கிராஃபோர்ட் டாய், வேதாகமத்தை வரலாற்று நூலாக ஆராயும் விமரிசன ஆய்வின் முடிவுகளை ஏற்றதற்காக 1879-ல் ராஜினாமா செய்ய வேண்டி வந்தது, அடுத்த ஆண்டு ஹார்வர்டு அவரை எடுத்துக்கொண்டது. டாய் பக்கமா, செமினரி பக்கமா என்று நான் இங்கே சொல்லப்போவதில்லை, அதையே அந்த மாணவிக்கு ஒரு கட்டுரைத் தலைப்பாகக் கொடுக்கலாம்.

சபை விஷயத்துக்கு வருகிறேன். டீக்கன்மாரோடு சண்டைக்குப் போக வேண்டாம், அவர்களைத் தாண்டிப் போகவும் வேண்டாம். ஓல்னி சபை 1785-ல் கேரியைப் பிரசங்கிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, இன்னும் கொஞ்ச காலம் பார்க்கலாம் என்று தள்ளிவைத்தது. அடுத்த ஆண்டுதான் ஊழியத்துக்கு அனுப்பியது. வரத்தைச் சோதித்து அறிவது சபையின் உரிமை என்பதை நாமே மேடையில் பேசுகிறோம், அதனால் சபைக்குப் பார்க்கச் சந்தர்ப்பம் கொடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, தான் படித்ததில் ஒன்றை எடுத்து அவர் பெரியவர்களின் வேதபாட வகுப்பில் அரைமணி நேரம் பேசட்டும், கேள்வி கேட்கவிடட்டும். தெலுங்கிலேயே பேசட்டும். தன் பாட்டி வயதுப் பெண்களுக்கு விளங்கச் சொல்ல முடியாத ஒரு வாதம் அவருக்கே இன்னும் சரியாக விளங்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு பையன் இதே ஆசையோடு வந்திருந்தால் "படித்தது போதும்" என்று சொல்லியிருப்பார்களா என்று போதகரிடம் நீங்கள் தனியாக, மரியாதையாகக் கேட்டுப் பார்க்கலாம்.

மேற்படிப்புக்கு எங்கே என்றால், செராம்பூர் கல்லூரிப் பட்டங்களை வழங்கும் செனட்டின் எம்.டிஎச். வழி இருக்கிறது, பெங்களூரில் யூனைட்டட் தியாலஜிகல் காலேஜ் அந்த இணைப்பில் உள்ளது. அதே ஊரில் சயாக்ஸ் என்ற இறையியல் நிறுவனம் முதுநிலை, முனைவர் பட்ட ஆய்வுக்கென்றே இருக்கிறது. முனைவர் பட்டத்தைப் பாப்டிஸ்ட் சூழலில் செய்ய வேண்டுமானால் ஆம்ஸ்டர்டாமில் சர்வதேச பாப்டிஸ்ட் இறையியல் ஆய்வு மையம் உண்டு, 1949-ல் சுவிட்சர்லாந்தில் தொடங்கி பிராக் போய் 2014-ல் அங்கே வந்தது, பட்டம் விரையே பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து. ஆய்வு மாணவர்கள் பெரும்பாலும் சொந்த நாட்டிலிருந்தே வேலை செய்கிறார்கள் என்பது குடும்பப் பொறுப்பு உள்ளவர்களுக்கு வசதி. உதவித்தொகைக்கு லாங்ஹாம் நிறுவனத்தையும் பாருங்கள். ஆனால் கல்லூரிப் பெயரைவிடக் கைடு முக்கியம். கொடுத்த அத்தியாயத்தை எவ்வளவு நாளில் திருப்பித் தருகிறார், அவரிடம் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள், இதை அங்கே படிக்கிற பிள்ளைகளிடமே கேட்டுவிடலாம். பெண் பிள்ளை என்பதால் இன்னொன்று, சந்திப்பெல்லாம் அலுவலகத்தில், கதவு திறந்திருக்க, நடக்கிற இடமாக இருக்க வேண்டும்; உங்களிடமும் அப்படித்தான். உங்களைத் தவிர ஒரு மூத்த பெண் ஆசிரியரையும் அவருக்கு இப்போதே அறிமுகப்படுத்திவையுங்கள்.

தலைப்பை நீங்கள் கொடுக்காதீர்கள், ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதைக் காட்டலாம். தெலுங்கு அவர் வீட்டு மொழி. அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனெரி ஜான் கிளவ் ஊழியம் செய்த ஓங்கோல் பகுதியில் 1878 ஜூலை 3 அன்று ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள், பெரும்பாலும் மாதிகா என்ற தலித் சாதி மக்கள், பஞ்சத்தை ஒட்டிய காலம். மிஷனெரிகளின் அறிக்கைகளை நிறையப் பேர் பயன்படுத்திவிட்டார்கள். ஞானஸ்நானம் பெற்றவர்களின் பேரப்பிள்ளைகள் புதிய ஏற்பாட்டை எப்படி வாசித்தார்கள் என்று தெலுங்குப் பாடல்களையும் சாட்சிகளையும் வைத்துக் கேட்க, கிரேக்கமும் தெலுங்கும் சேர்ந்து தெரிந்த ஆள் வேண்டும். அந்தத் திசையில் போனால் ஆய்வு நூல்களை வாசிக்கத் தேவையான ஜெர்மன் மொழி அவ்வளவு அவசரமில்லை, நேரடியான புதிய ஏற்பாட்டு ஆய்வு என்றால் இப்போதே ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

வேலை வாய்ப்பையும் வெளிப்படையாகப் பேசுங்கள். ஆசிரியர் பணியிடங்கள் குறைவு, சம்பளம் அதைவிடக் குறைவு, பெண்களைத் தேடி அழைக்கும் கல்லூரிகள் இன்னும் குறைவு. தெரிந்துகொண்டு போகட்டும்.

கடைசியாகப் பரிந்துரைக் கடிதம். "நற்குணமும் ஜெப வாழ்க்கையும் உள்ளவர்" என்று எழுதினால் வாசிப்பவர் அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விடுவார். எந்தக் கட்டுரையில் எந்தக் கேள்வியை எடுத்தார், முதல் பிரதியில் எங்கே சறுக்கினார், இரண்டாவதில் எப்படிச் சரிசெய்தார், இன்னும் எது வரவில்லை, இதையெல்லாம் எழுதுங்கள். அதற்காகவாவது அந்தத் திருத்திய பிரதிகளை இப்போதிருந்தே ஒரு ஃபைலில் போட்டுவையுங்கள்.