தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளைப் பாடத்திலிருந்தே சான்று காட்டி எழுதப் பழக்குவது எப்படி?

நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு கதையையோ பாடலையோ படித்த பின் "நன்றாக இருந்தது", "ராஜா நல்லவர்" என்ற அளவில் நின்றுவிடுகிறார்கள், அவர்களைப் பாடத்திலிருந்தே சான்று எடுத்து எழுத வைப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். திருவாரூர்ப் பக்கத்துக் கிராமத் தொடக்கப் பள்ளி ஒன்றில் பாடம் நடத்துகிறவன் என்ற முறையில், என் அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன். பிள்ளைகளுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்பது உண்மையன்று. வீட்டிலும் வயலிலும் கோயிலிலும் கேட்டறிந்தது அவர்களிடம் நிறைய இருக்கிறது. கேள்வி கேட்டவுடன் அதிலிருந்துதான் எழுதுகிறார்கள், கையிலிருக்கும் பக்கத்தைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆகவே 'எனக்குத் தெரிந்தது' வேறு, 'இந்தப் பக்கம் சொல்வது' வேறு என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொடுப்பதே முதல் வேலை.

இதற்கு நான் ஐந்தாம் வகுப்பில் எடுத்துக்கொள்வது சிலப்பதிகாரக் கானல்வரியின் நான்கு அடிகள். புகார்க் கடற்கரையில் கோவலன் யாழை வாங்கிப் பாடும் பாட்டு அது:

"உழவர் ஓதை மதகோதை
உடைநீர் ஓதை தண்பதங்கொள்
விழவர் ஓதை சிறந்தார்ப்ப
நடந்தாய் வாழி காவேரி"

ஓதை என்றால் ஓசை, தண்பதம் என்றால் புதுப்புனல் என்று மட்டும் சொல்லிவிட்டு, "ஆற்றில் தண்ணீர் வந்தபோது மக்கள் எப்படி இருந்தார்கள்?" என்று கேட்டால், மேட்டூர் அணையைத் திறந்தார்கள், ஆடிப்பெருக்கு அன்று காப்பரிசி வைத்துப் படைத்தார்கள், காதோலை கருகமணியை ஆற்றில் விட்டார்கள் என்றெல்லாம் பிள்ளைகள் எழுதுவார்கள். ஜூன் 12 அன்று அணை திறக்குமா என்று வீடே பேசிக்கொண்டிருக்கும் ஊர்களில் வளர்பவர்கள் அப்படி எழுதுவது இயல்பு. ஆனால் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டது 1934-இல். பாட்டோ அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் முற்பட்டது. "அணை என்ற சொல் எந்த அடியில் இருக்கிறது, விரல் வைத்துக் காட்டு" என்றதும் பிள்ளை நான்கு அடிகளையும் மறுபடி படிக்கிறாள், அணையைக் காணாமல் மதகைக் கண்டுபிடிக்கிறாள். அங்கிருந்து உழவரின் ஓசை, மதகின் ஓசை, உடைத்துப் பாயும் நீரின் ஓசை, விழாக் கொண்டாடுவோரின் ஓசை என்று ஒவ்வொன்றாக எடுக்கிறாள். "மக்கள் மகிழ்ச்சியாக இருந்தார்கள், ஏனென்றால் புதுத்தண்ணீரை விழாவாகக் கொண்டாடும் ஓசையைப் பாட்டு சொல்கிறது" என்று அவள் எழுதும்போது, அந்த 'ஏனென்றால்' பாட்டுக்குள்ளிருந்து வந்திருக்கிறது.

இன்னும் சிறிய பிள்ளைகளுக்குப் பழம்பாடல் வேண்டாம். கரும்பலகையில் நீங்களே எழுதும் இரண்டு மூன்று வாக்கியங்கள் போதும். நான் எழுதிப் போடுவது இது: "தட்டில் ஒரே ஒரு கொழுக்கட்டை மீதி இருந்தது. பொன்னி அதைத் தம்பியின் பக்கம் நகர்த்தி வைத்து, 'எனக்குப் பசியில்லை' என்றாள். அவளுடைய ஒரு கை வயிற்றை அழுத்திப் பிடித்திருந்தது." தட்டில் எத்தனை கொழுக்கட்டை இருந்தது என்பது போல, ஒரே வரியில் விடை கிடைத்துவிடும் கேள்வி இந்தப் பயிற்சிக்கு உதவாது. பொன்னிக்குப் பசித்ததா என்று கேளுங்கள். பசியில்லை என்று சொல்லும் பிள்ளை அவள் பேச்சைச் சான்றாகக் காட்டும். பசித்தது என்று சொல்லும் பிள்ளை வயிற்றை அழுத்திய கையைக் காட்டும். இருவரிடமும் சான்று இருக்கிறது. எது வலுவானது என்ற வாதம் வகுப்பில் தானாகவே எழும், அதை ஆசிரியர் அவசரப்பட்டு முடித்துவைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒருவர் வாயால் சொல்வதும் அவர் செய்வதும் மாறுபடும்போது எதை நம்புவது என்பது இலக்கியம் படிப்பவர் எவருக்கும் கடைசிவரை உடன்வரும் கேள்வி. அதை எட்டு வயதில் எதிர்கொள்ள முடியும்.

வாய்மொழியில் இது நன்றாகப் பழகிய பிறகே நோட்டைத் திறக்கச் சொல்ல வேண்டும். முதலில் விரல், பிறகு பென்சில் அடிக்கோடு, அதன் பிறகு எழுத்து. எழுதும்போது முதல் வாக்கியத்தில் தன் கருத்தையும், இரண்டாவதில் மேற்கோள் குறிக்குள் பாடத்தின் சொற்களையும், மூன்றாவதில் அந்தச் சொற்கள் தன் கருத்தை எப்படிக் காட்டுகின்றன என்பதையும் எழுதப் பழக்குகிறேன். இரண்டாம் வாக்கியத்தில் பிள்ளைகள் பத்தி முழுவதையும் பார்த்து எழுதிவிடுவார்கள். தேவையான சில சொற்களை மட்டும் எடு என்று சொன்னால் போதும், விரைவில் சரியாகிவிடும். மூன்றாம் வாக்கியம்தான் உண்மையில் கடினம். "வயிற்றைப் பிடித்திருந்தது, அதனால் வயிற்றைப் பிடித்திருந்தாள்" என்று சான்றையே திரும்பச் சொல்வார்கள். அப்போது நான் கரும்பலகையில் கை பற்றிய வாக்கியத்தை மட்டும் அழித்துவிட்டு, எஞ்சியதை உரக்கப் படிக்கச் சொல்வேன். அது போனதும், பொன்னி வயிறு நிறைந்த ஒரு சாதாரணப் பெண்ணாக மாறிவிடுகிறாள். என்ன குறைந்தது என்று கேட்டால், "அவள் பொய் சொல்கிறாள் என்று தெரியாமல் போய்விட்டது சார்", "தம்பிக்காக விட்டுக்கொடுத்தது தெரியவில்லை" என்று பதில் வரும். அந்தப் பதிலையே மூன்றாம் வாக்கியமாக எழுதச் சொல்லுங்கள்.

பிரித்துப் பார்க்கக் கற்றபின், வெளியிலிருந்து தெரிந்ததை எழுதவே கூடாது என்று தடுக்க வேண்டியதில்லை. மனுநீதிச் சோழன் கதையைத் திருவாரூர்ப் பிள்ளைகள் அனைவரும் அறிவார்கள். கோயிலருகே கல்தேரைப் பார்த்தே வளர்ந்தவர்கள். பாண்டியன் முன் கண்ணகி அந்தச் சோழனைக் குறிப்பிடும் சிலப்பதிகார அடிகளை எளிமைப்படுத்திக் கொடுத்தால், முடிவில் இறைவன் தோன்றிக் கன்றையும் இளவரசனையும் எழுப்பினார் என்று எழுதுவார்கள். அது பெரியபுராணத்தில் உண்டு. கண்ணகியின் பேச்சில் இல்லை. வாயில் மணியின் நா நடுங்கியதும், பசுவின் கண்ணீர் நெஞ்சைச் சுட்டதும், அரிதாகப் பெற்ற மகனைத் தேர்ச்சக்கரத்தில் இட்டதும் மட்டுமே அங்கே இருக்கின்றன. இரண்டையும் அருகருகே வைத்து, நீதி கேட்க வந்த கண்ணகி எந்தப் பகுதியைச் சொல்கிறாள், ஏன் அதோடு நிறுத்தியிருக்கலாம் என்று கேட்டால், ஐந்தாம் வகுப்பிலேயே அழகான பதில்கள் கிடைக்கின்றன. பாட்டி சொன்ன கதையை அப்போது பிள்ளை மறக்க வேண்டியதில்லை. அது எங்கிருந்து வந்தது என்று குறித்தால் போதும்.

எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறும் பிள்ளைகளை இதிலிருந்து ஒதுக்கிவிடாதீர்கள். தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு (தொடக்க நிலை), மொட்டு, மலர் என்று பிரிக்கிறோம். அரும்பு நிலைப் பிள்ளையும் நீங்கள் படித்துக்காட்டிய கதையில் "அந்த வரியை இன்னொரு தரம் படியுங்கள்" என்று கேட்டுச் சான்றைச் சொல்ல முடியும். அதை அவர் பெயரோடு கரும்பலகையில் நீங்கள் எழுதுங்கள். திருத்தும்போது முதல் வாசிப்பில் எழுத்துப் பிழையைத் தொடாதீர்கள், சான்று கருத்தைத் தாங்குகிறதா என்று மட்டும் பார்த்து, இல்லையென்றால் ஓரத்தில் "எந்த வரி?" என்று எழுதி நோட்டைத் திருப்பிக் கொடுங்கள். உரைநூலில் உள்ள விடையிலிருந்து மாறுபட்ட கருத்தை ஒரு பிள்ளை எழுதி அதற்குத் தகுந்த வரியையும் காட்டியிருந்தால், முழு மதிப்பெண் கொடுங்கள். அடுத்த முறை வகுப்பில் உள்ள மற்றவர்களும் புத்தகத்தைத் திரும்பத் திறப்பார்கள்.