தங்கைக்கு ஏற்றுவது பாஷாணமா?

உங்கள் கடிதத்தில் பத்துப் பன்னிரண்டு கேள்விகள். நடுவே, போகிறபோக்கில் ஒரு வரி: "போன வெள்ளிக்கிழமை பஸ் ஸ்டாண்டில் தங்கைக்கு நெஞ்சு படபடத்துக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தோம், சரியாகிவிட்டது."

சரியாகவில்லை. இதற்கு மேல் படிப்பதற்கு முன், அவருடைய ரத்தப் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்க்கும் வார்டுக்கு போன் செய்து இந்த வரியை அப்படியே படித்துக் காட்டுங்கள். இன்றைக்கே ஈசிஜி எடுக்க வேண்டும். ரத்தத்தில் பொட்டாசியமும் மக்னீசியமும் பார்க்க வேண்டும். அதற்குள் மறுபடி மயக்கம் வந்தால் போனில் நேரத்தைக் கழிக்காதீர்கள். 108-ஐ அழைத்துப் பக்கத்து ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கே போய்விடுங்கள். அங்கே முதலில் சொல்ல வேண்டியது: "ஆர்சனிக் டிரிப்ஸ் போய்க்கொண்டிருக்கிறது."

போன் செய்தாயிற்றா? சரி, இப்போது காரணம்.

இதயம் ஒவ்வொரு முறை துடித்த பிறகும் அதன் தசை மின்சார ரீதியாகப் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். ஈசிஜி தாளில் க்யூடி என்று நாங்கள் அளப்பதில் அந்த நேரமும் அடக்கம். ஆர்சனிக் ட்ரையாக்ஸைடு இந்த இடைவெளியை நீட்டும். 500 மில்லிசெகண்டைத் தாண்டினால் நாங்கள் கவலைப்படுவோம், ஏனென்றால் அங்கிருந்து இதயத் துடிப்பு தாறுமாறாகிவிடலாம். இது எல்லோருக்கும் தெரிந்த பக்கவிளைவு. அதனால்தான் வார்டில் திரும்பத் திரும்ப ஈசிஜி எடுக்கிறார்கள், பொட்டாசியத்தை 4-க்குக் கீழே போகவிடாமல் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்கள் கவனிக்கும்வரை இதைச் சமாளித்துவிடலாம்.

வீட்டில் நடந்ததைப் பாருங்கள். சளிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு அசித்ரோமைசின் வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள். குமட்டலுக்கு டாம்பெரிடோன். இரண்டுமே க்யூடியை நீட்டுபவை. நடுவில் இரண்டு நாள் பேதி, அதில் பொட்டாசியம் போயிருக்கும். ஏற்கெனவே இழுத்துப் பிடித்திருக்கும் கயிற்றை மூன்று பக்கத்திலிருந்தும் இழுத்தால் என்ன ஆகும்? மருந்துக் கடைக்காரருக்கு உங்கள் தங்கைக்கு ஆர்சனிக் போகிறது என்று தெரியாது, நீங்களும் சொல்லவில்லை. லெவோஃப்ளாக்சசின், ஃப்ளூகோனசோல் போன்றவையும் இதே ரகம்தான். வார்டில் கேட்காமல் இனி ஒரு மாத்திரைகூட வேண்டாம். இதை எத்தனை குடும்பங்களிடம் சொல்லியிருப்பேன்! ஒவ்வொரு முறையும் "சளி மாத்திரைதானே டாக்டர்" என்றுதான் பதில் வருகிறது.

ஆனால் உங்களைத் தூங்கவிடாமல் செய்வது இந்தப் படபடப்பு இல்லை. மருந்துப் பாட்டிலின் பெயரை நெட்டில் தேடி, "எலி பாஷாணத்தை என் தங்கையின் நரம்பில் ஏற்றுகிறார்கள், அதுதான் சேர்ந்து சேர்ந்து மயக்கம் வருகிறது, நிறுத்திவிடலாமா" என்று கேட்டிருக்கிறீர்கள். நேராகச் சொல்கிறேன். ஆமாம், ஆர்சனிக் ட்ரையாக்ஸைடு என்பது நம்மூர் வெள்ளைப் பாஷாணமேதான். ஆனாலும் நீங்களாக நிறுத்தக் கூடாது. மயக்கத்தைப் பார்த்து மருந்தைத் தள்ளிவைப்பதா, அளவை மாற்றுவதா, பொட்டாசியம் போன்ற ரத்த உப்புகளைச் சரிசெய்துவிட்டுத் தொடர்வதா என்பதை ஈசிஜி கையில் இருக்கும் டாக்டர்தான் முடிவெடுக்க முடியும்.

தங்கைக்கு வந்திருப்பது புரோமைலோசைட்டிக் லுக்கேமியா என்ற ஒரு வகை ரத்தப் புற்றுநோய். 1957-இல் நார்வேயில் ஹில்லஸ்டாட் என்ற மருத்துவர் இதைத் தனி நோயாக முதலில் எழுதியபோது அவரிடம் இருந்தது மூன்றே நோயாளிகள். மூவரும் சில வாரங்களிலேயே இறந்துபோனார்கள், கடுமையான ரத்தக்கசிவோடு. பிறகு 1988-இல் ஷாங்காயில் வாங் சென்யீயின் குழு, வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மருந்தை 24 பேருக்குக் கொடுத்து, அத்தனை பேருக்கும் நோய் அடங்கியதை எழுதியது.

ஆர்சனிக்கின் கதை சீனாவின் ஹார்பின் நகரத்தில் தொடங்குகிறது. 1970-களில் அங்கே ஒரு நாட்டு வைத்தியக் கலவை புழக்கத்தில் இருந்தது: பாஷாணம், பாதரச உப்பு, தேரை விஷம் மூன்றும் சேர்ந்தது. சாங் டிங்டாங் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் அதை அப்படியே நம்பவும் இல்லை, தூக்கி எறியவும் இல்லை. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். வேலை செய்வது பாஷாணம் என்று தெரிந்ததும் மற்ற இரண்டையும் விட்டார்கள். இந்த நோயில் 15-ஆவது குரோமோசோமின் ஒரு துண்டும் 17-ஆவதின் ஒரு துண்டும் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. அதனால் ஒரு கோளாறான புரதம் உண்டாகி, ரத்த அணுவை முதிரவிடாமல் தடுக்கிறது. ஆர்சனிக் அந்தப் புரதத்தையே பிடித்து அழிக்கிறது. இது பின்னால் தெரியவந்தது.

உங்களுக்கு நான் காட்ட விரும்பும் ஆய்வு நம்மூரில் நடந்தது. வேலூர் சிஎம்சியில் விக்ரம் மேத்யூஸும் குழுவினரும் 1998 முதல் 2004 வரை, புதிதாக இந்த நோய் கண்ட 72 பேருக்கு ஆர்சனிக் ஒன்றையே முக்கிய மருந்தாகக் கொடுத்து, 2006-இல் பிளட் என்ற மருத்துவ இதழில் முடிவை எழுதினார்கள். நூற்றுக்கு 86 பேருக்கு நோய் முழுதாக அடங்கியது. அடங்கியவர்களில் மூன்று வருடத்துக்குப் பிறகும் நோய் திரும்பாமல் இருக்கும் வாய்ப்பு சுமார் 87 சதவீதம். பக்கவிளைவுகள் பெரும்பாலும் லேசானவை, சரியாகக்கூடியவை. நோய் அடங்கியபின் வெளிநோயாளியாக வந்து ஏற்றிக்கொண்டு போனார்கள், உங்கள் தங்கை இப்போது வந்துபோவதைப் போல. 2013-இல் இத்தாலி, ஜெர்மனி மருத்துவர்கள் தீவிரம் குறைந்த நோயாளிகளிடம் ஆர்சனிக்கையும் அந்த வைட்டமின் ஏ வகை மருந்தையும் சேர்த்துக் கொடுத்து, அதே வைட்டமின் ஏ வகை மருந்தைக் கீமோவோடு சேர்த்துக் கொடுப்பதுடன் ஒப்பிட்டார்கள். இரண்டு வருட முடிவில் ஆர்சனிக் பக்கம் 97 சதவீதம் பேர் நோய் அடங்கி, திரும்பாமல் உயிரோடு இருந்தார்கள், கீமோ பக்கம் 86. நெட்டில் ஒரு வார்த்தையைப் பார்த்து நடுங்கிப்போனீர்களே, அந்த வார்த்தைக்குப் பின்னால் இத்தனை இருக்கிறது.

இந்த நோயில் முதல் மாதம்தான் பெரிய கண்டம். தங்கை அதைத் தாண்டிவிட்டார். அதனால்தான் ஒரு சளி மாத்திரையால் அவருக்கு ஏதாவது ஆகிவிடக் கூடாதே என்று இத்தனை கடுமையாக எழுதுகிறேன்.

அடுத்தது அந்தப் பொட்டலம். "பெரிய ஆஸ்பத்திரியில் கொடுப்பதும் இதுவும் ஒன்றுதான்" என்று தெரிந்தவர் ஒருவர் கொடுத்த பொடியை அம்மா நான்கு நாள் தேனில் குழைத்துக் கொடுத்திருக்கிறார். சீனாவில் மனோசிலை (ஆர்சனிக் உள்ள ஒரு சிவப்புக் கனிமம்) சேர்ந்த மாத்திரையையே இந்த நோய்க்குக் கொடுக்கிறார்கள் என்று அந்த மனிதர் வாதாடலாம். உண்மைதான். ஆனால் அதில் எத்தனை மில்லிகிராம் என்ன இருக்கிறது என்று அளந்து, ஈசிஜியும் ஈரல் பரிசோதனையும் பார்த்துக்கொண்டே கொடுக்கிறார்கள். தங்கைக்கு டிரிப்ஸில் போவதும் எடைக்குக் கிலோவுக்கு 0.15 மில்லிகிராம் என்ற கணக்கு. பேப்பரில் மடித்த பொடியில் எவ்வளவு பாஷாணம், எவ்வளவு பாதரசம், எவ்வளவு ஈயம் என்று யாருக்குத் தெரியும்? ஏற்கெனவே அளந்து ஏற்றுவதன் மேல் அளக்காத இன்னொரு பங்கு சேர்ந்திருக்கலாம். அம்மாவைத் திட்டாதீர்கள். மகளுக்காகப் பயந்துபோய்ச் செய்திருக்கிறார். ஆனால் பொடி இன்றோடு நிற்க வேண்டும்.

மற்றவற்றுக்குச் சுருக்கமாக. தோல் கறுப்பதும் வறள்வதும் மருந்தால் வரக்கூடியவை, பயப்பட வேண்டாம். கால் விரல் மதமதப்பை அடுத்தமுறை போகும்போது சொல்லுங்கள். இது தொற்றுநோய் இல்லை, ஒரே தட்டில் சாப்பிடலாம். பரம்பரை நோயும் இல்லை. அந்தக் குரோமோசோம் மாற்றம் அவருடைய எலும்பு மஜ்ஜையில் பிறந்த பிறகு ஏற்பட்டது, உங்கள் பிள்ளைகளுக்கு வருமோ என்ற பேச்சே வேண்டாம். பப்பாளி இலைச் சாறு தேவையில்லை. வீட்டுச் சாப்பாடு போதும். கல்யாணப் பேச்சைச் சிகிச்சை முடியும்வரை தள்ளிவையுங்கள். மருந்து போகும்போதும் முடிந்து ஆறு மாதம் வரையிலும் கர்ப்பம் தரிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

பொடி கொடுத்ததை வார்டில் சொன்னால் கோபப்பட்டு வைத்தியத்தை நிறுத்திவிடுவார்களோ என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். கோபப்படலாம். நானாக இருந்தாலும் இரண்டு வார்த்தை கடிந்துதான் பேசியிருப்பேன். ஆனால் அதற்காக ஒரு நோயாளியைக் கைவிட மாட்டார்கள். அவர்களுக்குத் தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து. மிச்சம் இருக்கும் பொடியைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். அந்தப் பொட்டலத்தையும் இரண்டு மாத்திரை அட்டைகளையும் ஒரு கவரில் போட்டு, இன்றைக்குப் போகும்போது கையோடு எடுத்துப் போங்கள்.