டெரி ஸ்பீடின் பணிவாழ்வும் மரபணுத் தரவுகளும்: கேள்வி பதில்

உயிரியல், மருத்துவத் தரவுகளைப் புள்ளியியலால் ஆராயும் உயிர்ப்புள்ளியியலைத் தொழிலாகத் தேர்ந்துகொள்வது குறித்து நண்பர்கள் அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை, நான் அடிக்கடி எடுத்துக்காட்டாகச் சொல்லும் ஆஸ்திரேலியப் புள்ளியியலாளர் டெரி ஸ்பீடைச் சுற்றியே அமைந்திருந்தன. ஆகவே அவருடைய பணிவாழ்வையே அடிப்படையாகக் கொண்டு விடை எழுதியிருக்கிறேன். ஒரே பொருளைக் கேட்ட சில கேள்விகளை ஒன்றாக்கியுள்ளேன்.

கேள்வி: ஐயா, டெரி ஸ்பீட் தொடக்கத்திலிருந்தே மரபணு ஆய்வாளராக இருந்தவரா? கணிதம் படித்த ஒருவர் இந்தத் துறைக்குள் எப்படி வந்தார்?

அவர் சுற்றி வந்தவர். 1943இல் தென் ஆஸ்திரேலியாவில் பிறந்து மெல்பர்னில் வளர்ந்தார். மருத்துவ ஆராய்ச்சியாளராக வேண்டும் என்ற விருப்பத்தோடு மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் மருத்துவமும் அறிவியலும் இணைந்த படிப்பில் சேர்ந்தவர், விரைவிலேயே மருத்துவத்தை விட்டுவிட்டுக் கணிதத்துக்கும் புள்ளியியலுக்கும் மாறினார். மொனாஷ் பல்கலைக்கழகத்தில் அவர் எழுதிய முனைவர் பட்ட ஆய்வேடு 'லாட்டிஸ்' என்னும் தூய இயற்கணித அமைப்புகளைப் பற்றியது. அதில் உயிரியலின் நிழல்கூட இல்லை. பிறகு இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலும் ஆஸ்திரேலியாவின் பெர்த்திலும் கற்பித்தார். அந்நாட்டு அரசின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சிஎஸ்ஐஆர்ஓவில் கணிதம், புள்ளியியல் பிரிவுக்குத் தலைமை தாங்கினார். 1987இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குச் சென்றார்.

1980இல் டாரோக், லாரிட்சன் ஆகியோருடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை, மாறிகளுக்கு இடையிலான சார்பை வரைபடமாகக் காட்டும் மாதிரிகளுக்கு அடித்தளமிட்டவற்றுள் ஒன்று. அதோடு நின்றிருந்தாலும் அவர் பெயர் நிலைத்திருக்கும். பெர்க்லியில்தான் மரபியல் அவரை முழுமையாக ஈர்த்துக்கொண்டது. குரோமோசோம்கள் தம் பகுதிகளைக் குறுக்கே மாற்றிக்கொள்ளும்போது ஓரிடத்தில் நிகழும் மாற்றம் அருகிலுள்ள இடத்தில் இன்னொரு மாற்றம் நிகழ்வதைத் தடுப்பதை எப்படிக் கணக்கிடுவது என்பதைப் பற்றித் தம் மாணவி மேரி சாரா மெக்பீக்குடன் ஆராய்ந்து 1995இல் வெளியிட்டார். 1997இல் மெல்பர்னின் வால்டர் அண்டு எலிசா ஹால் நிறுவனத்தில் உயிர்த்தகவலியல் பிரிவைத் தொடங்கி, பல ஆண்டுகள் இரு கண்டங்களிலும் மாறி மாறிப் பணியாற்றினார். உலகம் இன்று அவரை எதற்காக நினைவுகூர்கிறதோ அந்தப் பணிகளில் பெரும்பகுதியை ஐம்பது வயதைக் கடந்த பின்னரே செய்தார் என்பதைத் தாமதமாகிவிட்டது என்று கவலைப்படும் மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

கேள்வி: ஆய்வகத்தில் கருவி எண்களைத் தருகிறது, மென்பொருள் விடையைத் தருகிறது. இடையில் புள்ளியியலாளர் உண்மையில் என்ன செய்கிறார்?

மென்பொருளுக்குள் இருக்கும் முடிவுகளை எடுத்தவரே புள்ளியியலாளர்தான். மரபணு அளவீடுகளைச் சீராக்கிச் சுருக்கும் ஆர்எம்ஏ என்ற முறையை எடுத்துக்கொள்வோம். 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் ஒரு மரபணு எவ்வளவு செயல்படுகிறது என்ற அதன் 'வெளிப்பாட்டை' ஒளிர்வால் அளக்கும் அஃபிமெட்ரிக்ஸ் நிறுவனத்தின் மைக்ரோஅரே சில்லுகள் பரவலாகப் பயன்பட்டன. ஒவ்வொரு மரபணுவுக்கும், 25 எழுத்து நீளமுள்ள பல டிஎன்ஏ துண்டுகள் அந்தச் சில்லில் ஒட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் பக்கத்திலேயே, நடுவிலுள்ள 13ஆவது எழுத்து மட்டும் மாற்றப்பட்ட ஒரு போலித் துண்டும் இருக்கும். சரியான துண்டின் ஒளிர்விலிருந்து போலித் துண்டின் ஒளிர்வைக் கழித்தால் தற்செயலாக ஒட்டியதெல்லாம் நீங்கிவிடும் என்பது வடிவமைத்தவர்களின் எண்ணம்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ரஃபேல் இரிசாரி, டெரி ஸ்பீட் முதலியோர், எந்த மரபணு எவ்வளவு கலக்கப்பட்டது என்பது முன்கூட்டியே தெரிந்த சோதனைத் தரவுகளை எடுத்து, துண்டு துண்டாக வரைந்து பார்த்தார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இணைகளில் போலித் துண்டே அதிகமாக ஒளிர்ந்தது. கழித்தால் குறை எண் வரும், அதற்கு மடக்கை எடுக்கவும் முடியாது. அதுமட்டுமன்றி, போலித் துண்டிலும் உண்மையான மரபணுவே ஓரளவு ஒட்டிக்கொண்டிருந்தது. ஆகவே சில்லின் பாதி இடத்தை நிரப்பிய போலித் துண்டுகளை அவர்கள் கணக்கில் சேர்க்கவே இல்லை. பின்னணி ஒளிர்வை ஒரு நிகழ்தகவு மாதிரியால் நீக்கினார்கள். எல்லாச் சில்லுகளின் பரவலையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்து, மடக்கை எடுத்தார்கள். ஒரு மரபணுவுக்குரிய துண்டுகளையெல்லாம், ஒன்றிரண்டு துண்டுகள் தாறுமாறாக இருந்தாலும் குலையாத 'இடைநிலை மெருகேற்றம்' என்ற ஜான் டூக்கியின் பழைய முறையால் ஒரே எண்ணாகச் சுருக்கினார்கள். 2003இல் வெளிவந்த இந்த முறை, குறைவாக வெளிப்படும் மரபணுக்களை அளவிடுவதில் நிறுவனத்தின் சொந்த முறையைவிட நிலையான விடை தந்ததால் உலகெங்கும் பரவியது.

இதில் புதிய தேற்றம் என்று எதுவும் இல்லை. தரவை உருவாக்கியவர் சொன்ன கதையை நம்புவதற்கு முன் தரவையே பார்ப்பது என்ற பழக்கம் இருந்தது. அதற்கு ஈடான திறமை இத்துறையில் வேறு இல்லை என்று நான் உறுதியாக எண்ணுகிறேன்.

கேள்வி: நான் பள்ளியில் கணித ஆசிரியர். 5 சதவீதப் பிழையை ஏற்றுக்கொள்வது வழக்கம் என்றுதான் எங்கள் பாடநூல் சொல்கிறது. மரபணு ஆய்வில் அது போதாது என்கிறார்களே, ஏன்?

மனிதரிடம் புரதத்துக்குக் குறிகொடுக்கும் மரபணுக்கள் சுமார் 20,000 உள்ளன. ஒன்றுகூட நோயோடு தொடர்பில்லாதது என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் 5 சதவீத எல்லையில் சோதித்தால், சராசரியாக 1,000 மரபணுக்கள் 'தொடர்புடையவை' என்று தோன்றும். ஆய்வுக்கட்டுரையில் அவற்றுக்கு அழகான விளக்கங்களும் எழுதிவிடலாம். இதற்காகவே 1995இல் யோவ் பெஞ்சமினி, யோசஃப் ஹோக்பெர்க் ஆகிய இஸ்ரேலியப் புள்ளியியலாளர்கள் பொய்க் கண்டுபிடிப்பு வீதம் என்ற கருத்தை முன்வைத்தார்கள்: அறிவிக்கும் பட்டியலில் எத்தனை பங்கு பொய்யாக இருக்கலாம் என்பதைக் கட்டுப்படுத்துவது அது. மரபணுத்தொகுதி முழுவதையும் துழாவும் நோய்த்தொடர்பு ஆய்வுகளில் இன்னும் கடுமையான எல்லை உண்டு. சுமார் 10 லட்சம் தனித்தனிச் சோதனைகளுக்கு ஈடு என்று கொண்டு 5 சதவீதத்தை 10 லட்சத்தால் வகுக்கிறார்கள். உங்கள் மாணவர்களிடம் 20 பேரை ஒரு நாணயத்தை ஐந்து முறை சுண்டச் சொல்லிப் பாருங்கள். யாரோ ஒருவருக்கு ஐந்தும் ஒரே பக்கமாக விழ வாய்ப்பு மிக அதிகம்.

கேள்வி: 'பேட்ச் விளைவு' என்ற ஒன்றை எல்லோரும் அஞ்சுகிறார்கள். அது அவ்வளவு பெரிய சிக்கலா? அதை நீக்கும்போது உண்மையான உயிரியல் வேறுபாடும் சேர்ந்து போய்விடாதா? (இருவர் கேட்டவை)

மாதிரிகளைத் தனித்தனித் தொகுதிகளாக, வெவ்வேறு நேரத்திலோ சூழலிலோ அளப்பதாலேயே தோன்றும் வேறுபாடுதான் பேட்ச் விளைவு. முதல் பாதிக்கு ஓர் உண்மை நிகழ்வு. 2007இல் நேச்சர் ஜெனெடிக்ஸ் இதழில் வந்த ஒரு கட்டுரை, ஐரோப்பிய வம்சாவளியினருக்கும் கிழக்காசிய வம்சாவளியினருக்கும் இடையே, சோதிக்கப்பட்ட 4,197 மரபணுக்களில் 1,097இன் வெளிப்பாடு வேறுபடுகிறது என்று கூறியது. அதே ஆண்டில் அகே, ஜான் ஸ்டோரி, ஜெஃப் லீக் உள்ளிட்ட குழுவினர் அந்தத் தரவுகளை மீண்டும் ஆராய்ந்தபோது, ஐரோப்பிய மாதிரிகள் பெரும்பாலும் 2003, 2004 ஆண்டுகளிலும், ஆசிய மாதிரிகள் 2005, 2006 ஆண்டுகளிலும் சில்லில் ஏற்றப்பட்டிருப்பதைக் கண்டார்கள். வேறுபாடு மக்களுக்கிடையிலா, ஆண்டுகளுக்கிடையிலா என்று பிரித்துச் சொல்ல அந்தத் தரவில் வழியே இல்லாமல் போயிற்று. வேதிப்பொருளின் புதிய புட்டி, வேறொரு பணியாளரின் கை, அறையின் வெப்பநிலை, காற்றிலுள்ள ஓசோன் ஆகிய எல்லாமே அளவீட்டில் தடம் பதிக்கின்றன. பல சமயங்களில் அந்தத் தடம் நோயின் தடத்தைவிடப் பெரியது.

இரண்டாம் பாதிதான் கடினமானது. கேட்டவர் சிக்கலின் மையத்தைத் தொட்டிருக்கிறார். ஸ்பீடும் அவருடைய மாணவர் யோஹான் காக்னன்-பார்ட்ஷும் 2012இல் வெளியிட்ட ஆர்யூவி முறை இதற்கு ஒரு வழி காட்டுகிறது. நாம் ஆராயும் காரணியால் மாறாது என்று முன்பே நம்பத்தக்க சில மரபணுக்களை முதலில் தேர்ந்துகொள்ள வேண்டும். மாறக்கூடாத அந்த மரபணுக்களில் காணப்படும் ஏற்ற இறக்கமெல்லாம் வேண்டாத ஏற்ற இறக்கமாகத்தான் இருக்க முடியும். அவற்றிலிருந்து அந்த வேண்டாத போக்குகளை, பல அளவீடுகளுக்குப் பொதுவான மறைந்த போக்குகளைக் கண்டறியும் காரணிப் பகுப்பாய்வால் மதிப்பிட்டு, மற்ற மரபணுக்களிலிருந்தும் நீக்க வேண்டும். தேதி, ஆய்வகம் போன்றவை குறித்துவைக்கப்படாத இடத்திலும் இது வேலை செய்யும் என்பதே இதன் சிறப்பு. 2014இல் டாவிடே ரிஸ்ஸோ, சாண்ட்ரின் டுடுவா முதலியோருடன் சேர்ந்து, மைக்ரோஅரேக்குப் பின் வந்த அளவீட்டு முறையான ஆர்என்ஏ வரிசைப்படுத்தலுக்கும் இதை ஸ்பீட் விரிவாக்கினார்.

ஆனால் கட்டுப்பாட்டு மரபணுக்களைத் தவறாகத் தேர்ந்தால், நீங்கள் அஞ்சுவதுபோலவே உண்மையும் சேர்ந்து போய்விடும். ஆகவே திருத்தத்துக்குப் பின் சரிபார்ப்பு வேண்டும். ஆண், பெண் மாதிரிகள் இருந்தால், ஒய் குரோமோசோம் மரபணுக்கள் எதிர்பார்த்தபடி பட்டியலின் உச்சிக்கு வருகின்றனவா என்று பார்ப்பது எளிமையான நல்ல சோதனை. நோயாளிகளை எல்லாம் திங்களன்றும் நலமானவர்களை எல்லாம் செவ்வாயன்றும் அளந்துவிட்டு வருபவருக்கோ எந்த முறையாலும் உதவ முடியாது. சோதனை முடிந்த பிறகு புள்ளியியலாளரை அழைப்பது, அது எதனால் செத்தது என்று மட்டும் கேட்பதாக முடியும் என்று ஆங்கிலேயப் புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷர் 1938இல் கல்கத்தாவில் நடந்த இந்தியப் புள்ளியியல் மாநாட்டில் சொன்னது இன்றும் அப்படியே பொருந்துகிறது. மாதிரிகளைக் கலைத்து, இரு சாராரும் எல்லா நாள்களிலும் அமையுமாறு பகிர்வதற்கு ஒரு பிற்பகல் நேரம் போதும் என்பதால், அதைச் செய்யாமல் விடப்பட்ட ஆய்வுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமே மேலிடுகிறது; அந்த மாதிரிகள் ஒவ்வொன்றும் ஒரு நோயாளி நம்பிக் கொடுத்தவை.

கேள்வி: ஸ்பீட் கொலை வழக்கு ஒன்றிலும் பங்கேற்றார் என்று படித்தேன். உண்மையா?

உண்மை. 1995இல் அமெரிக்காவில் நடந்த ஓ. ஜே. சிம்ப்சன் வழக்கில் நிபுணர் சாட்சியாக இடம்பெற்றார். தீர்ப்பைப் பற்றிய விவாதத்துக்குள் நான் போகவில்லை; அத்தகைய வழக்குகளில் எழும் புள்ளியியல் கேள்வி மட்டும் எல்லோரும் அறியத்தக்கது. டிஎன்ஏ தற்செயலாகப் பொருந்தும் வாய்ப்பு கோடியில் ஒன்று என்று சொல்லப்படலாம். ஆய்வகத்தில் மாதிரிகள் மாறிப்போகும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றாக இருந்தால்கூட, சான்றின் வலிமையைத் தீர்மானிப்பது அந்த ஆயிரத்தில் ஒன்றே. மேலே சொன்ன பேட்ச் விளைவுக்கும் இதற்கும் அடிப்படை ஒன்றுதான்: ஆய்வகத்தில் நேர்வதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கேள்வி: இந்தப் பிழைகளால் நோயாளிகளுக்கு நேரடியாகத் தீங்கு நேர்ந்ததுண்டா?

நேரும் நிலை வந்ததுண்டு. 2006இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகக் குழு ஒன்று, மரபணு வெளிப்பாட்டைக் கொண்டு எந்தப் புற்றுநோய்க்கு எந்த மருந்து பலிக்கும் என்று கணிக்க முடியும் என அறிவித்தது. எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தின் கீத் பேகர்லி, கெவின் கூம்ப்ஸ் ஆகிய இரு உயிர்ப்புள்ளியியலாளர்கள் அந்த முடிவுகளை அதே தரவிலிருந்து மீண்டும் கணக்கிட்டுப் பார்க்க முயன்றபோது, மரபணுப் பட்டியல்கள் ஒரு வரி நகர்ந்திருந்ததையும், மருந்துக்கு இணங்குபவை, இணங்காதவை என்ற குறிகள் சில இடங்களில் தலைகீழாக இருந்ததையும் கண்டார்கள். அதற்குள் அந்தக் கணிப்பை நம்பி நோயாளிகளுக்கு மருந்து ஒதுக்கும் சோதனைகள் தொடங்கியிருந்தன. 2009இல் அவர்கள் தங்கள் ஆய்வை ஒரு புள்ளியியல் இதழில் வெளியிட்டார்கள். சோதனைகள் இறுதியில் நிறுத்தப்பட்டன. மூலக் கட்டுரைகள் பல திரும்பப் பெறப்பட்டன. பிறர் செய்த கணக்கைச் சரிபார்ப்பது புகழ் தரும் வேலையன்று, பல ஆண்டுகளை விழுங்கும் வேலை. அந்த இருவர் அதைச் செய்ததை நான் இத்துறையின் பெருமையாகவே கருதுகிறேன்.

கேள்வி: கட்டுரையில் முதல் பெயரும் கடைசிப் பெயரும் உயிரியலாளர்களுக்கே போகின்றன. நடுவில் மறைந்துபோகும் பெயருக்காகவா வாழ்நாளைச் செலவிடுவது?

உங்கள் மனக்குறை நியாயமானதே. கூட்டாய்வுகளில் உயிர்ப்புள்ளியியலாளரின் பெயர் பெரும்பாலும் நடுவில்தான் வரும். பதவி உயர்வுக் குழுக்கள் அதைக் குறைத்தே மதிப்பிடுகின்றன. ஆகவே பணியில் சேரும்போதே, கூட்டாய்வுகளோடு சொந்த முறையியல் ஆய்வுக்கும் நேரம் உண்டா என்று கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். ஸ்பீடின் வழி, கூட்டாய்வில் எழுந்த சிக்கலையே முறையியல் கட்டுரையாக வளர்த்தெடுப்பது. ஆர்எம்ஏ, ஆர்யூவி இரண்டும் அப்படிப் பிறந்தவையே. 2013இல் ஆஸ்திரேலியப் பிரதமரின் அறிவியல் பரிசு அவருக்குக் கிடைத்ததும், அதே ஆண்டில் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றுக்கொண்டதும் அந்த வழிக்குக் கிடைத்த அங்கீகாரம்.

கேள்வி: மைக்ரோஅரே காலம் முடிந்துவிட்டது. இனி எல்லாம் செயற்கை நுண்ணறிவு என்கிறார்கள். இதையெல்லாம் இன்று கற்பதில் பொருள் உண்டா?

கருவி மாறியது, சிக்கல் மாறவில்லை. இப்போது ஒளிர்வுக்குப் பதிலாக ஆர்என்ஏ துண்டுகளை எண்ணுகிறோம். அதற்கேற்ற எட்ஜ்ஆர் என்ற நிரல் தொகுப்பும் ஸ்பீட் பணியாற்றிய அதே மெல்பர்ன் நிறுவனத்தில் கார்டன் ஸ்மித்தின் குழுவிலிருந்து வந்ததுதான். ஆழ்கற்றல் மாதிரிக்கு நோயையும் ஆய்வகத்தையும் பிரித்தறியத் தானாகத் தெரியாது; எது எளிதாகப் பிரிகிறதோ அதையே கற்றுக்கொள்ளும்.

கேள்வி: தமிழ்நாட்டில் புள்ளியியல் முதுகலை படிக்கிறேன், ஐயா. உயிரியல் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. எங்கிருந்து தொடங்கலாம்?

நேரியல் மாதிரிகளையும் சோதனை வடிவமைப்பையும் ஐயமறக் கற்றுக்கொள்ளுங்கள். இத்துறையில் அன்றாடம் பயன்படுபவை அவையே. உயிரியலைத் தேவைக்கேற்பக் கற்கலாம், ஆனால் ஒரு முறையாவது ஆய்வகத்துக்குச் சென்று ஆர்என்ஏ பிரித்தெடுப்பதை அருகிலிருந்து பாருங்கள். முறையான படிப்பு வேண்டுமானால் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் உயிர்ப்புள்ளியியல் துறையும், சென்னை தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் கணிப்பு உயிரியல் குழுவும் விசாரிக்கத்தக்கவை.

அதற்கு முன்பே செய்யக்கூடியது ஒன்று உண்டு. புள்ளியியலுக்கான ஆர் என்ற நிரல் மொழியும், அதன்மேல் அமைந்து மரபணுத் தரவுகளை ஆராய உதவும் பயோகண்டக்டர் தொகுப்புகளும் இலவசம். ஜியோ என்ற அமெரிக்க அரசுத் தரவுக்களஞ்சியத்தில் பல்லாயிரம் ஆய்வுகளின் தரவுகள் திறந்தே கிடக்கின்றன. உங்களுக்கு ஆர்வமுள்ள நோய் ஒன்றைப் பற்றிய ஒரு மைக்ரோஅரே ஆய்வை இறக்கிக்கொண்டு, மூலக் கோப்புகளிலிருந்து ஆர்எம்ஏ மதிப்புகளை நீங்களே கணக்கிடுங்கள். பிறகு ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும் பதிந்திருக்கும் ஸ்கேன் தேதியை எடுத்து, மாதிரிகளை நோய்வாரியாக ஒரு முறையும் தேதிவாரியாக ஒரு முறையும் நிறமிட்டு வரைந்து பாருங்கள். எந்த நிறம் தெளிவாகப் பிரிகிறது என்பதை எனக்கு எழுதுங்கள். அடுத்து என்ன படிக்கலாம் என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.