வண்டி வாசலுக்கு வருமுன்: வீடு மாற்றம் குறித்த வாசகர் கேள்விகள்

வீடு மாற்றுவது பற்றி இம்முறை வந்த கேள்விகள் பலவும் ஒரே கவலையைச் சுற்றி அமைந்திருந்தன: அந்த ஒரு நாள் குழப்பமில்லாமல் முடியுமா என்பதே அது. பல ஆண்டுகளாகச் சாமான் கட்டும் வேலையை மேற்பார்வையிட்டு வருகிறேன். வண்டி வாசலில் நிற்கும்போது வீட்டார் கையில் எடுத்துவைத்துக்கொண்டு யோசிக்கும் ஒவ்வொரு பொருளும் அந்த நாளைத் தாமதமாக்குவதைக் கண்டிருக்கிறேன். எது வருகிறது, எது கழிகிறது, எது எந்த அறைக்குப் போகிறது என்ற முடிவுகளை முன்கூட்டியே எடுத்து முடிப்பதுதான் ஆயத்தத்தின் பெரும்பகுதி.

கேள்வி: நானும் என் மனைவியும் வேலைக்குச் செல்பவர்கள். இரண்டு படுக்கையறைகள் கொண்ட வீட்டைக் காலி செய்ய எவ்வளவு காலம் முன்பாகத் தொடங்க வேண்டும்?

பதில்: மாலை நேரங்களும் விடுமுறை நாள்களும் மட்டுமே கையில் இருக்குமானால் நான்கு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரத்தில் ஒரு பெட்டியைக்கூடக் கட்ட வேண்டாம். கழிக்க வேண்டியவற்றைக் கழிக்கும் வேலையை மட்டும் செய்யுங்கள். ஒட்டிய பெட்டியை மறுபடி பிரித்து வேண்டாததை எடுத்துப் போட யாருக்கும் மனம் வராது என்பதால், இந்த வாரத்தில் தப்பிய பொருள் புது வீட்டுப் பரணிலும் அப்படியே போய் அமர்ந்துவிடும். அடுத்த இரண்டு வாரங்களில் அன்றாடம் கை படாத புத்தகங்கள், அலங்காரப் பொருள்கள், விருந்தினர் வந்தால் மட்டும் எடுக்கும் பாத்திரங்கள் ஆகியவற்றைக் கட்டலாம். கடைசி வாரம் முழுவதையும் சமையலறைக்கு ஒதுக்குங்கள். மற்ற அறைகளை வைத்துப் போடும் கணக்கு அங்கே பொருந்தாது. உடையக்கூடியவை, ஒழுகக்கூடியவை, கடைசி நாள் வரை தேவைப்படுபவை என்று மூன்றும் ஒரே அலமாரியில் கலந்து கிடக்கும் இடம் அது.

கேள்வி: போன முறை எல்லாப் பெட்டிகளின் மேலும் பெயர் எழுதினோம். ஆனாலும் ஒரு வாரம் தேடிக்கொண்டே இருந்தோம். எங்கே தவறினோம்?

பதில்: பெட்டியின் மேல்பக்கத்தில் எழுதியிருப்பீர்கள். அதன்மேல் இன்னொரு பெட்டி ஏறியதும் எழுத்து மறைந்துவிடும். பக்கவாட்டில், குறைந்தது இரண்டு பக்கங்களில், அறையின் பெயரையும் ஒரு வரிசை எண்ணையும் பெரிதாக எழுதுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பதை அந்த எண்ணுக்கு நேராக ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். விலையுயர்ந்த பொருளின் பெயர் பெட்டியின் வெளியே தெரியாமல் இருப்பதற்கும் இதுவே நல்ல வழி. "படுக்கையறை" என்று மட்டும் எழுதினால் தூக்கி வருபவருக்கு எந்தப் படுக்கையறை என்று தெரியாது. ஆகவே புது வீட்டின் ஒவ்வொரு கதவிலும் அதே பெயரை எழுதிய ஒரு தாளை முதலிலேயே ஒட்டிவிடுங்கள்.

கேள்வி: பீங்கான் தட்டுகள் எப்படிக் கட்டினாலும் இரண்டு மூன்று உடைகின்றன. புத்தகப் பெட்டிகளோ அடி கிழிந்து விழுகின்றன.

பதில்: இரண்டுக்கும் காரணம் பாரம் இறங்கும் விதம். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்தால், வண்டி ஒவ்வொரு முறை குலுங்கும்போதும் மேலே உள்ள எல்லாவற்றின் எடையும் அடித்தட்டின் நடுவே இறங்கும். அவற்றைத் தனித்தனியே தாளில் சுற்றி, அலமாரியில் புத்தகம் நிற்பதுபோல் விளிம்பில் நிறுத்துங்கள். பெட்டியின் அடியில் கசக்கிய தாளைக் கையளவு உயரத்துக்குப் பரப்பி, தட்டுகளை நிறுத்தியபின் பக்கவாட்டு இடைவெளிகளிலும் மேலேயும் அதே தாளைத் திணியுங்கள். மூடுவதற்கு முன் பெட்டியை இரு கைகளாலும் பிடித்து மெதுவாக ஆட்டிப் பாருங்கள். உள்ளே ஒரு சிறு "கிளுக்" சத்தம் கேட்டாலும் இன்னும் தாள் வேண்டும் என்று பொருள். செய்தித்தாளின் மை வெளிர் நிறப் பாத்திரங்களில் ஒட்டிக்கொள்ளும் என்பதால், அச்சிடாத வெற்றுத் தாள் நல்லது. அது கிடைக்காவிட்டால் துண்டுகளும் பழைய பருத்தித் துணிகளும் போதும், அவையும் எப்படியும் கட்டப்பட வேண்டியவைதானே.

புத்தகங்களுக்குச் சிறிய பெட்டியையே எடுங்கள். பெரிய பெட்டியில் இடம் இருக்கிறதே என்று நிரப்பினால் ஒருவரால் தூக்க முடியாத எடை வந்துவிடும். எந்தப் பெட்டியும் 15 முதல் 20 கிலோவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது பெட்டிக்கும் நல்லது, தூக்குபவரின் முதுகுக்கும் நல்லது. அடிப்பக்க இணைப்பில் ஒரு வரி டேப் போதாது. நீளவாக்கில் இரண்டு மூன்று வரியும் குறுக்கே ஒரு வரியும் ஒட்டுங்கள்.

கேள்வி: ஃப்ரிட்ஜை நிமிர்த்தித்தான் கொண்டுபோக வேண்டுமா? வாஷிங் மெஷினுக்கும் ஏதாவது செய்ய வேண்டுமா?

பதில்: நிமிர்த்தியே கொண்டுபோங்கள். கம்ப்ரசரின் உள்ளே உராய்வைத் தடுக்கும் எண்ணெய் இருக்கிறது. ஃப்ரிட்ஜைப் படுக்கவைத்தால் அந்த எண்ணெய் குளிர்வாயு செல்லும் குழாய்களுக்குள் வழிந்துவிடக்கூடும். அந்த நிலையில் உடனே மின்சாரம் கொடுத்தால் கம்ப்ரசர் எண்ணெய் குறைவாகவே ஓடிக் கெட்டுப்போக வாய்ப்புண்டு. வேறு வழியின்றிப் படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தால், எவ்வளவு நேரம் படுத்திருந்ததோ குறைந்தது அவ்வளவு நேரம் நிமிர்த்தி வைத்தபின் ஓட்டுங்கள். நிமிர்ந்தே வந்திருந்தாலும் சில மணி நேரம் பொறுப்பது நல்லது. உங்கள் கையேட்டில் ஒரு கால அளவு குறிப்பிடப்பட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். புறப்படுவதற்கு ஒரு நாள் முன்பே மின்இணைப்பை எடுத்து, பனி கரைந்ததும் நன்றாகத் துடைத்து, உள்ளிருக்கும் கண்ணாடித் தட்டுகளைக் கழற்றித் தனியே கட்டிவிட வேண்டும். ஈரத்தோடு மூடிக் கட்டிய ஃப்ரிட்ஜ், திறக்கும்போது பூஞ்சை வாடை அடிக்கும்.

முன்பக்கக் கதவுள்ள வாஷிங் மெஷினில் கவனிக்க வேண்டியது வேறு. அதன் உருளை சுருள்வில்களில் தொங்குகிறது. பயணத்தில் அது அங்குமிங்கும் மோதாமல் பிடித்துவைப்பதற்காகப் பின்புறம் நீண்ட போல்ட்டுகளைத் தயாரிப்பாளரே கொடுத்திருப்பார். முதன்முதலில் பொருத்த வந்தவர் கழற்றிக் கொடுத்த அவை ஏதோ ஒரு இழுப்பறையில் கிடக்கும். இப்போதே தேடி எடுத்து, புறப்படுமுன் மறுபடி பொருத்துங்கள். புது வீட்டில் முதல் துணியைப் போடுவதற்கு முன் அவற்றை மறக்காமல் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் சுழலத் தொடங்கியதும் மெஷின் முழுவதும் பலமாக அதிரும்.

கேள்வி: பாதி தீர்ந்த பெயின்ட், தின்னர், கழிவறை கழுவும் திரவம் ஆகியவற்றையும் ஒரு பெட்டியில் போட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம். தின்னர் தீப்பற்றக்கூடியது. பிளீச்சும் அமிலம் கலந்த கழுவுத் திரவமும் ஒழுகி ஒன்றாகக் கலந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு உண்டாகும். தீர்த்துவிடுங்கள், அல்லது உங்கள் பகுதியில் முறையாக ஒப்படைக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: சென்ற முறை சோபா புது வீட்டுப் படிக்கட்டில் திரும்பவே இல்லை. இம்முறை கட்டிலையும் கழற்ற வேண்டியிருக்கிறது.

பதில்: வாசலின் அகலத்தை மட்டும் அளந்துவிட்டு நிம்மதியடைவது பலரும் செய்யும் பிழை. பெரிய பொருள் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் திருப்பங்களில்தான். படிக்கட்டு திரும்பும் இடத்தின் அகலம், அங்கே தலைக்கு மேலுள்ள உயரம், லிஃப்டின் உள் அளவு, நடைபாதையிலிருந்து அறைக்குள் திரும்பும் கோணம் ஆகிய அனைத்தையும் அளவு நாடாவோடு நேரில் சென்று குறித்துவாருங்கள். சோபாவின் கால்களைக் கழற்ற முடியுமா என்பதையும் பாருங்கள். அந்தச் சில அங்குலங்களே போதுமானதாகிவிடுவது உண்டு.

கட்டிலைப் பொறுத்தவரை என் சொந்த அனுபவத்தைச் சொல்ல வேண்டும். முதன்முறை வீடு மாறியபோது கழற்றிய போல்ட்டுகளையெல்லாம் ஒரு டப்பாவில் போட்டு, அந்த டப்பாவை எந்தப் பெட்டியில் வைத்தோம் என்று தெரியாமல், மூன்று இரவுகள் மெத்தையைத் தரையில் விரித்துப் படுத்தோம். அன்றிலிருந்து கழற்றும் ஒவ்வொரு பொருளின் திருகாணிகளையும் தனி பிளாஸ்டிக் உறையில் போட்டு, அந்தப் பொருளின் சட்டத்திலேயே டேப்பால் கட்டிவிடுகிறேன். கழற்றுமுன் ஒவ்வொரு இணைப்பையும் அலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தொலைக்காட்சியின் பின்புற வயர்களுக்கும் இதையே செய்யலாம்.

கேள்வி: என் தாயார் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். பயணம் ஒரு பகல் முழுவதும் ஆகும்.

பதில்: மருந்துகள் எதுவும் சாமான் வண்டியில் ஏறக் கூடாது; அவை உங்கள் கையிலேயே இருக்க வேண்டும். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிரில் வைக்க வேண்டும் என்பதால், காப்பு உறையுள்ள பையில் குளிர்கட்டிகளோடு எடுத்துச் செல்லுங்கள். ஆனால் மருந்து குளிர்கட்டியைத் தொடாதபடி நடுவே ஒரு துணியை வையுங்கள். உறைந்துபோன இன்சுலினை, பிறகு உருகினாலும், பயன்படுத்தக் கூடாது. மருந்துச்சீட்டும் அதே பையில் இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் பூனை அந்நியரைக் கண்டாலே ஒளிந்துகொள்ளும். அன்றைக்கு என்ன செய்வது?

பதில்: அதைத் தூக்கிச் செல்லும் கூண்டை ஒரு வாரத்துக்கு முன்பே திறந்து, வழக்கமாகப் படுக்கும் துணியை உள்ளே விரித்துவையுங்கள். அன்று காலை, ஆள்கள் வருவதற்கு முன், முதலில் காலியாகும் ஓர் அறையில் பூனையை வைத்துக் கதவை மூடி, "திறக்க வேண்டாம்" என்று எழுதி ஒட்டிவிடுங்கள். சாமான்கள் ஏறி முடித்தபின் கடைசியாக அதை எடுத்துச் செல்லுங்கள். புது வீட்டிலும் சில நாள்கள் ஒரே அறையில் வைத்து, அது தானாக வெளியே வர விரும்பும்போது மற்ற அறைகளைத் திறக்கலாம். பரிதாபப்பட்டு உடனே வெளியே விட்டால், பழைய வீட்டைத் தேடிப் போய்விடக்கூடும்.

கேள்வி: பொருள் உடைந்தால் வண்டி நிறுவனத்திடம் இழப்பீடு கேட்க முடியுமா?

பதில்: ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதைப் பொறுத்தது. வீட்டாரே கட்டிய பெட்டிக்குள் உடைந்தவற்றுக்குப் பொறுப்பேற்பதில்லை என்ற விதி பல ஒப்பந்தங்களில் இருக்கும். கையெழுத்திடுமுன் அதைப் படித்துக் கேளுங்கள். விலையுயர்ந்த பொருள்களைக் கட்டுவதற்கு முன்பே தேதியோடு படம் எடுத்துவையுங்கள். இறக்கும்போது நோட்டில் உள்ள எண்களோடு சரிபார்த்து, குறையும் சேதமும் இருந்தால் பொருள்களைப் பெற்றுக்கொண்டதற்கான தாளில் எழுதியபின் கையெழுத்திடுங்கள். நகைகளும் ஆவணங்களும் எந்தப் பட்டியலிலும் வேண்டாம். அவை உங்கள் கைப்பையில் வரட்டும்.

கேள்வி: நான்கு வயதுக் குழந்தை இருக்கிறாள். முதல் இரவைப் பற்றித்தான் பயமாக இருக்கிறது.

பதில்: முதல் இரவுக்கென்று ஒரு பெட்டி தனியாக இருக்கட்டும்: ஆளுக்கு ஒரு மாற்றுடை, படுக்கை விரிப்பு, சோப்பு, துண்டு, சார்ஜர், டார்ச், திருப்புளி, டேப்பை அறுக்க ஒரு கத்தி. அதை நீங்கள் செல்லும் வண்டியில் எடுத்துச் செல்லுங்கள். முடியாவிட்டால் லாரியில் கடைசியாக ஏற்றுங்கள், அப்போது முதலில் இறங்கும். குழந்தையின் பொருள்களைப் பழைய வீட்டில் கடைசியாகக் கட்டி, புது வீட்டில் முதலில் பிரியுங்கள். புதிய இடம் என்பதற்காக அவளுடைய தலையணை உறையைத் துவைத்துவிட வேண்டாம். பழகிய வாசனை அன்றிரவு அவளுக்குப் பெரிய துணை. மற்ற பெட்டிகள் எல்லாம் கூடத்தில் அடுக்கியபடியே கிடந்தாலும் பரவாயில்லை, வெளிச்சம் இருக்கும்போதே அவளுடைய கட்டிலைப் பொருத்தி, வழக்கமான நேரத்தில் வழக்கமான கதையைச் சொல்லித் தூங்கவையுங்கள்.