அடிபட்டு வருபவரிடம் கேட்க வேண்டிய நான்கு: கார்டிஃப் முறை, கேள்வி பதில்

ஐயா, மருத்துவமனைப் பதிவால் ஊரில் அடிதடி எப்படிக் குறையும்? (மருத்துவ மாணவி)

அடிபட்டு அவசரப் பிரிவுக்கு வருபவர்களில் பெரும்பங்கினர் போலீஸ் ஏட்டில் ஏறுவதே இல்லை. வேல்ஸின் கார்டிஃப் நகரில் முக, தாடை அறுவை மருத்துவர் ஜோனதன் ஷெப்பர்ட் இதைக் கண்டுதான் இந்த முறையைத் தொடங்கினார். எங்கே, எப்போது, எந்த ஆயுதத்தால், அடித்தவர் எத்தனை பேர் என்ற நான்கையும் வரவேற்பு மேசையிலேயே கேட்டுப் பதிவார்கள். பெயர், முகவரியை நீக்கிய பட்டியல் போலீசுக்கும் நகர மன்றத்துக்கும் போகும். அதை வைத்து ரோந்தும் கேமராவும் இடம் மாறும். 2011இல் பிஎம்ஜே என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஆய்வின்படி, வன்முறைக் காயத்தால் உள்நோயாளியாகச் சேர்ந்தவர்கள் அங்கே லட்சம் பேருக்கு மாதம் 7இலிருந்து 5 ஆகக் குறைந்தார்கள். ஒப்பிட்ட நகரங்களில் 5 என்பது 8 ஆனது.

இடத்துக்கு 'தெரு' என்று போட்டால் போதாதா? (செவிலியர்)

போதாது. பதிவு கெடுவதே பெரும்பாலும் இங்கேதான். 'தெரு' என்ற சொல்லை வைத்து ரோந்துக்கு ஆள் அனுப்ப முடியாது. 'பேருந்து நிலையம், வடக்கு வாசல், டீக்கடை எதிரில்' என்று எழுதுங்கள். மதுக்கடையென்றால் பெயரோடு, உள்ளேயா வாசலிலா என்பதும் வேண்டும்.

நேரத்திலும் கவனம். 11 மணிக்கு அடிபட்டவர் 2 மணிக்கு வந்தால் கணினி 2 என்றே காட்டும். அடிபட்ட நேரத்தைத் தனியாகக் கேளுங்கள். கட்டு மாற்ற வருபவரை மறுபடி பதிந்தால் ஒரு காயம் இரண்டாகிவிடும்.

இந்த முறைக்குப் பிறகு போலீசில் வழக்கு கூடினால் தோல்விதானே?

எந்த வழக்கு என்று பாருங்கள். கார்டிஃபில் லேசான அடிதடிப் பதிவு கூடியது. கைகலப்பு முற்றும் முன்பே போலீஸ் போய்ச் சேர்ந்ததன் விளைவு அது என்பது ஆய்வாளர்கள் கணிப்பு.

நம் ஊர் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) பதிவு இதற்கு உதவுமா சார்? (அரசு மருத்துவமனை ஊழியர்)

தாராளமாக. 'இத்தனை மணிக்கு, இந்த இடத்தில், தெரிந்த 3 பேர் கட்டையால் தாக்கியதாக' என்று எழுதுகிறீர்களே, நான்கும் அதிலேயே இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனி வழக்குத் தாளாகவே கிடப்பதுதான் குறை. நான்கையும் தனிப் பட்டியலில் ஏற்றி மாதாமாதம் கூட்டிப் பாருங்கள். வழக்குக்கான ஏ.ஆர். நகல் அதன் வழியில் போகட்டும். இந்தப் பட்டியலில் பெயர் கூடாது.

கணவரே கூட்டிவந்தால் எப்படிக் கேட்பது?

அவர் எதிரில் கேட்கவே கேட்காதீர்கள். எக்ஸ்ரே எடுக்கவோ கட்டுப் போடவோ அந்தப் பெண்ணை உள்ளே தனியாக அழைத்துக் கேளுங்கள். பட்டியலில் 'வீடு' என்று மட்டும் குறியுங்கள். கதவு எண்ணோ தெருப் பெயரோ வேண்டாம். சின்ன ஊரில் அதை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.