முன்னால் ரெய்ஸ் வந்துவிட்டது: கால் செய்யலாமா?

கேள்வி: லிமிட் ஹோல்டம் (பந்தய அளவு முன்கூட்டியே நிர்ணயித்த போக்கர்) ஆடுகிறேன். எனக்கு முன்னால் ஒருவர் ரெய்ஸ் செய்தாலும் (பந்தயத்தை உயர்த்தினாலும்), கையில் கிங்-குயின், ஏஸ்-ஜாக் இருந்தால் ஃபோல்ட் செய்ய (சீட்டை விட்டு விலக) மனசு வருவதில்லை. கால் செய்துவிட்டு (அதே தொகையைக் கட்டிவிட்டு) பெரும்பாலும் தோற்கிறேன். எதை வைத்து முடிவெடுப்பது?

பதில்: எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள். சீட்டு அப்புறம்.

2-4 மேசை (முதல் இரண்டு சுற்றில் பந்தயம் 2, பிறகு 4), ஸ்மால் பிளைண்ட் 1, பிக் பிளைண்ட் 2 (இருவர் சீட்டு பார்க்கும் முன்பே கட்டாயமாகப் போடும் தொகை) என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 4 ஆக ரெய்ஸ் செய்கிறார், வேறு யாரும் உள்ளே வரவில்லை. நடுவில் சேர்ந்த பணம் (பாட்) இப்போது 7. பட்டனில் (டீலர் இடத்தில்) இருக்கும் நீங்கள் அதற்காக 4 போட வேண்டும். பிக் பிளைண்டில் இருந்தால் 2 போதும். ஆக, பட்டனில் சுமார் 36% வெற்றி வாய்ப்பு தேவை, பிக் பிளைண்டில் 22% தான். போதாததற்கு, பட்டனில் கால் செய்தால் பின்னால் இருக்கும் பிளைண்ட்கள் மறுபடி ரெய்ஸ் செய்யவும் கூடும்.

இனி உங்கள் கிங்-குயினுக்கு வருவோம். முதலில் பேசும் இடங்களிலிருந்து ரெய்ஸ் செய்பவரிடம் பெரிய ஜோடியோ, ஏஸ்-கிங்கோ, ஏஸ்-குயினோ இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். எதிரே ஏஸ்-கிங் இருந்தால் கிங்-குயின் ஏறக்குறைய நான்கில் ஒரு தடவைதான் ஜெயிக்கும். ஃப்ளாப்பில் (மேசையில் திறக்கும் முதல் மூன்று பொதுச் சீட்டில்) கிங் விழுந்தால் இன்னும் மோசம். கடைசி வரை பணம் கட்டிக்கொண்டே போவீர்கள். வேடிக்கை என்னவென்றால், அதே ஏஸ்-கிங்குக்கு எதிராக ஒரே சூட்டில் உள்ள 9-8 சுமார் 40% ஜெயிக்கும்.

அதனால் பிளைண்டுக்கு வெளியே, ஒரே ஒருவர் ரெய்ஸ் செய்திருந்தால், நான் கால் செய்வதே அபூர்வம். ரெய்ஸ் கடைசி இடங்களிலிருந்து வந்தால் ஏஸ்-ஜாக்கை வைத்து மறுபடி ரெய்ஸ் செய்வேன், பிளைண்ட்கள் ஓடிவிடும். முதல் இடத்திலிருந்து வந்தால் அதே ஏஸ்-ஜாக்கை யோசிக்காமல் ஃபோல்ட் செய்துவிடுவேன். ஸ்மால் பிளைண்டிலும் கிட்டத்தட்ட இதே கதைதான்: 3 போட வேண்டும், ஃப்ளாப்புக்குப் பிறகு ஒவ்வொரு சுற்றிலும் முதலில் பேசவும் வேண்டும்.

ஏற்கெனவே இரண்டு மூன்று பேர் ரெய்ஸுக்குக் கால் செய்திருந்தால் விஷயம் வேறு. சிறு ஜோடி, ஏஸ்-9 சூட்டட் (ஒரே சூட்) போன்றவை அப்போது தாங்கும். ஜோடி ஃப்ளாப்பில் செட் (ஒரே மதிப்பில் மூன்று சீட்டு) ஆவது சுமார் 12% தான். லிமிட்டில் எதிராளியின் மொத்த சிப்பையும் ஒரே கையில் வாங்க முடியாது. கூட்டம் இருந்தால்தான் கணக்கு கட்டும்.

பிக் பிளைண்டில் கொஞ்சம் தாராளமாகவே இருங்கள். பட்டன் ரெய்ஸ் செய்தால் கிங்-9, ஜாக்-9 சூட்டட், எந்த ஜோடியானாலும் சரி, கால் செய்யலாம். ஜாக்-3, 9-2 மாதிரி குப்பை வேண்டாம்.

லிம்ப் செய்த பிறகு (ரெய்ஸ் செய்யாமல் பிக் பிளைண்ட் அளவு மட்டும் கட்டி உள்ளே வந்த பிறகு) பின்னாலிருந்து ஒரு ரெய்ஸ் வந்தால் கூடுதல் 2-ஐக் கட்டிவிடுங்கள். அதுவே இரண்டு ரெய்ஸாகத் திரும்பி வந்தால், லிம்ப் செய்த கையைப் பெரும்பாலும் விட்டுவிடலாம்.